பிடிமண்

தமிழ்நாட்டில் குளத்தூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. குளம் வெட்டிக் குடியேறிய இடமெல்லாம் குளத்தூர்தானே! நான் சொல்லப்போவது புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூரை. இந்த ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. தாலுகாவுக்குப் பெயர் குளத்தூர் தாலுகா; ஆனால் தாசில்தார் கச்சேரி இருப்பதோ கீரனூரில். மரியாதையெல்லாம் மாமியாருக்கு, சாவிக்கொத்து மட்டும் மருமகளிடம் என்று சில குடும்பங்களில் ஓர் ஏற்பாடு இருக்குமே, அந்த மாதிரி.

ஒரு காலத்தில் இந்த ஊரிலேயே ஒரு தொண்டைமான் இருந்து ஆண்டார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் சகோதரரான நமனத் தொண்டைமான் இங்கே தனிப் பாளையம் நடத்தினார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அது புதுக்கோட்டையோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பழைய பெருமை இப்போது தாலுகாவின் பெயரில் தங்கியிருக்கிறது.

போன கார்த்திகையில், திருச்சிக்கு ஒரு கல்யாணத்திற்காகப் போனவன், அப்படியே பஸ் ஏறிக் குளத்தூருக்கும் போய் வந்தேன். அங்கே எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; ஆகையால் அவருக்கு நான் ‘தம்பி’, எனக்கு அவர் ‘சார்’. பரம்பரையாகக் கத்தோலிக்கக் குடும்பம். உத்தியோக காலத்தில் பைல்களைப் புரட்டிய கை, இப்போது புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறது.

நான் போன சமயம் நல்ல மழை. வானம் பார்த்த பூமியில் மழையைக் காண்பது ஒரு பாக்கியம். தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தபடி காப்பி சாப்பிட்டோம். அவர் மடியில் தடிமனாக ஒரு புத்தகம்; போப்பாண்டவர்களின் சரித்திரம்.

“இன்றைக்கு யார் கதை, சார்?” என்று கேட்டேன்.

“ஜெலாசியுஸ். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் உத்தியோகத்தில் இருந்தவரையில் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு பாவம் குறைந்திருக்கும்.”

ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் தங்கள் பாவங்களைப் பற்றித் தாங்களாகவே பேசுவது அபூர்வம். நான் நாற்காலியைச் சற்றுக் கிட்டே நகர்த்திக்கொண்டேன். ஆனால் அவர் பாவத்தைச் சொல்லவில்லை, போப்பாண்டவரைத்தான் சொன்னார்.

ஜெலாசியுஸ் ரோமாபுரியின் திருப்பீடத்தில் இருந்தது 492 முதல் 496 வரை. ஐந்து வருஷம்கூட நிறையவில்லை. மேற்கே ரோம சாம்ராஜ்யம் 476இலேயே சாய்ந்துவிட்டது. இத்தாலியைத் தியோடரிக் என்ற காத்திய அரசன் பிடித்துக்கொண்டிருந்தான். அவனும் கிறிஸ்தவன்தான், ஆனால் ரோமாபுரி ஒப்புக்கொள்ளாத வேறு ஒரு பிரிவைச் சேர்ந்தவன். சக்கரவர்த்தி என்று பெயர் சொல்லத்தக்க அனஸ்தாசியுஸ் வெகுதூரத்தில் கான்ஸ்டாண்டினோபிளில் இருந்தான். போப்பாண்டவரிடம் படையும் இல்லை, கோட்டையும் இல்லை.

சண்டை அவர் காலத்துக்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது. கிறிஸ்துவின் தன்மையைப் பற்றிக் கிழக்கே பெரிய வாதம். தேசம் இரண்டு படுமோ என்ற பயத்தில் முந்திய சக்கரவர்த்தி ஸெனோ, 482இல் ஒரு சமாதான ஆக்ஞை பிறப்பித்தான். ‘இதுதான் விசுவாசம், எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்கிற பாணியில் அமைந்த ஆக்ஞை. ரோமாபுரி அதை ஏற்கவில்லை. 484இல் பிளவு உண்டாயிற்று; அது ஆற முப்பத்தைந்து வருஷமாயிற்று.

“ராஜா என்ன நினைத்தான் தெரியுமா, தம்பி? சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று நினைத்தான். என்னைப் போல ஒரு தாசில்தார்!” என்று சிரித்தார் நண்பர்.

494இல் ஜெலாசியுஸ் அனஸ்தாசியுஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகத்தை நடத்துவது இரண்டு என்றார்: குருமாரின் புனிதமான பொறுப்பு ஒன்று, அரசரின் அதிகாரம் மற்றொன்று. பொது ஒழுங்குக்காக நீ போடும் சட்டத்துக்கு எங்கள் குருமார் கீழ்ப்படிகிறார்கள். அதுபோலத் திருச்சடங்கு சம்பந்தப்பட்ட விஷயத்தில் நீ அவர்களுக்குத் தலை வணங்கவேண்டும். அரசர்களுக்காகவும் கடவுளிடம் கணக்குச் சொல்லவேண்டியவர்கள் ஆகையால் குருமாரின் பாரமே பெரியது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். வேறோரிடத்தில் இதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார். பழைய காலத்தில் அரசனும் குருவும் ஒருவனாகவே இருந்ததுண்டு. மனிதனின் பலவீனத்தை அறிந்து கிறிஸ்து அவ்விரண்டையும் பிரித்து வைத்தார். ஒருவர் இல்லாமல் மற்றவர் நடக்க முடியாதபடி செய்தார் என்பது அவருடைய கருத்து.

“கடைசி விஷயம்தான் எனக்குப் பிடித்தது. இரண்டையும் ஒரே கையில் கொடுத்தால் மனிதன் தாங்கமாட்டான்” என்றார் நண்பர்.

“ஆனால், குருமாரின் பாரம் பெரியது என்று சொல்லும்போதே, நாங்கள்தான் பெரியவர்கள் என்று ஆகிவிடுகிறதே, சார்?”

அவர் அதை மறுக்கவில்லை. பிற்காலத்தார் அப்படித்தான் அதை வளைத்துக்கொண்டார்கள் என்றார். 1302இல் எட்டாம் போனிபாஸ், ஆன்மிக வாள், உலக வாள் இரண்டுமே திருச்சபையின் வசம் என்று சாசனம் எழுதும் அளவுக்குப் போய்விட்டார். “விதை போட்டவர் ஒருவர், கிளையை வெட்டி உலக்கையாக்கிக்கொண்டவர் ஒருவர். ஜெலாசியுஸும் சாதுவல்ல, மகா பிடிவாதக்காரர். ஆனாலும் ஒன்று: பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்து, கையில் காசில்லாமல் செத்தார் என்று அவரை அறிந்தவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.”

எனக்கு அப்போது வேறொரு காட்சி நினைவுக்கு வந்தது. ரோமாபுரியிலிருந்து இத்தனை தூரம் பேசுகிறோமே, நம்முடைய புதுக்கோட்டையிலேயே ஒரு கதை இருக்கிறதே என்று சொன்னேன். விஜயரகுநாத ராயத் தொண்டைமான் ஆண்டபோது, திருவரங்குளம் காட்டில் சதாசிவப் பிரம்மேந்திரரைக் கண்டு பணிந்தார். 1738 என்று வருஷமும் சொல்லுவார்கள். பிரம்மேந்திரர் மௌனி. ராஜா உபதேசம் கேட்டதற்கு, மணலில் விரலால் எழுதிக் காட்டினார். ஐயம் வந்தால் கோபாலகிருஷ்ண சாஸ்திரியிடம் கேட்டுக்கொள் என்று குறிப்புக் காட்டிவிட்டுத் தம் வழியே போய்விட்டார். ராஜா அந்த மணலை அங்கவஸ்திரத்தில் அள்ளி முடிந்து அரண்மனைக்கு எடுத்து வந்தார். அது இன்னும் பூஜையில் இருக்கிறது என்பார்கள்.

“இவர் கடிதம் எழுதவில்லை, நிலம் கேட்கவில்லை, சபையில் உட்காரவும் இல்லை. ராஜா அரண்மனைக்குப் போனார், சந்நியாசி காட்டுக்குப் போனார். ஜெலாசியுஸ் மை தொட்டு எழுதியதை இவர் மணலிலேயே முடித்துவிட்டாரே!” என்றேன்.

நண்பர் எழுந்து உள்ளே போய், ஒரு சின்னத் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு செப்புக் காசு. சுண்டைக்காய் அளவுகூட இல்லை. புதுக்கோட்டை அம்மன் காசு. ஒரு பக்கத்தில் பிரகதாம்பாள் உட்கார்ந்திருக்கிறாள். மறு பக்கத்தில் ‘விஜய’ என்று தெலுங்கு எழுத்து. இருபது காசு சேர்ந்தால் ஓரணா. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பது சமஸ்தானத்து வழக்கம். ராஜாக்களே தங்களைப் ‘பிரகதாம்பாள் தாசர்’ என்று சொல்லிக்கொண்டவர்கள்.

“பாருங்கள். இதில் தெய்வமும் சர்க்காரும் ஒரே செம்பில் இருக்கின்றன. ஜெலாசியுஸ் கண்டால் முகம் சுளிப்பார். ஆனால் இதில் கபடம் இல்லை. திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் தெரிகிறது. ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, மறு பக்கத்தை மூடி வைப்பதில்தான் கஷ்டமே.”

அவர் சொன்ன கஷ்டத்துக்கு உதாரணம் தேட வேறு தேசம் போக வேண்டியதில்லை. பழைய குளத்தூர் தாலுகாவைச் சேர்ந்த ஆவூரில் 1697இல் பூஷே பாதிரியார் ஒரு கோயில் எழுப்பினார். இப்போது நிற்கிற பெரிய கோயில் 1747இல் கட்டியது. வீரமாமுனிவரும் அங்கே ஊழியம் செய்திருக்கிறார். அந்தப் பாதிரிமார்களுக்குப் பின்னால் ஐரோப்பாவில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. கீழ்த்திசை நாடுகளில் கோயில் கட்டி, குருமாரை அனுப்பி, பராமரிக்கும் பொறுப்பைப் போப்பாண்டவர்கள் போர்ச்சுக்கல் அரசரிடம் விட்டார்கள். அதற்கு ஈடாகப் பிஷப்புகளைத் தேர்ந்து சொல்லும் உரிமையையும் கொடுத்தார்கள். அதற்குப் ‘பதுரவாதோ’ என்று பெயர். எந்த ஜெலாசியுஸ், ‘எங்கள் காரியத்தில் கை வைக்காதே’ என்று சக்கரவர்த்திக்கு எழுதினாரோ, அவருடைய பீடத்தில் உட்கார்ந்தவர்களே, ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு, ‘இந்தா’ என்று தாங்களாகவே எடுத்துக் கொடுத்தார்கள்.

போர்ச்சுக்கல்லின் பலம் குறைந்தது. உரிமை மட்டும் குறையவில்லை. 1838இல் பதினாறாம் கிரகோரி மயிலாப்பூர் முதலிய இடங்களில் அந்த உரிமையை ரத்து செய்தார். கோவாவைச் சார்ந்தவர்கள் அந்த ஆணையை ஏற்கவில்லை. விளைவு என்ன? கோவாக் கட்சி என்றும் ரோமாபுரிக் கட்சி என்றும் நம்முடைய கிராமங்கள் பிரிந்தன. லிஸ்பனைப் படத்தில்கூடப் பாராத குடியானவன், லிஸ்பனுக்காகப் பக்கத்து வீட்டானோடு பேச்சை நிறுத்தினான். 1886இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனாலும், சுதந்திர இந்தியாவின் பிஷப் நியமனங்களில் போர்ச்சுக்கல்லுக்கு இருந்த சலுகை 1950இல்தான் தீர்ந்தது.

“என் பாட்டி சொல்லுவாள். கலியாணத்துக்குப் பெண் பார்க்கும்போது முதல் கேள்வி, ‘எந்தக் கோயில்?’ என்பதுதானாம். இரண்டு கோயிலிலும் ஒரே மாதா!” என்றார் நண்பர்.

மழை சற்று விட்டது. தெருவில் ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அந்தப் பையனைப் பார்த்தபடியே நண்பர் தம் கதையை ஆரம்பித்தார்.

அவர் தாசில்தாராக இருந்த ஒரு தாலுகா. எது என்பது நமக்கு வேண்டாம். அங்கே ஒரு கிராமத்தில் அய்யனார் கோயிலுக்குப் புரவி எடுப்பு. மண்ணால் குதிரை செய்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, ஊர் கூடித் தோளில் சுமந்துபோய்க் கோயிலில் நிறுத்துவார்கள். குதிரை செய்கிற வேளார், தாமாக வேலையை ஆரம்பிக்க முடியாது. ஊர்ப் பெரியவர் வெற்றிலை பாக்கோடு ஒரு பிடி மண்ணை எடுத்து அவர் கையில் கொடுக்கவேண்டும். அதற்குப் பிடிமண் என்று பெயர். அந்த மண்ணைக் குழைத்த களிமண்ணோடு சேர்த்தால்தான் குதிரைக்குக் கால் முளைக்கும்.

அந்த வருஷம் பிடிமண் யார் கொடுப்பது என்று இரண்டு வகையறாக்களுக்குள் தகராறு. வழக்கம்போலத் தாலுகாக் கச்சேரியில் சமாதானக் கூட்டம். நான்கு மணி நேரம் பேசிய பிறகு, ஒரு கிழவர் எழுந்து, “எங்கள்ல யாரும் கொடுக்க வேணாம். தாசில்தார் ஐயா கொடுக்கட்டும். சர்க்கார் கை பொதுக் கை” என்றார். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது. போலீஸ் இன்ஸ்பெக்டருக்குப் பரம சந்தோஷம். எல்லாருக்கும் டீ வந்தது.

நண்பருக்கு மட்டும் டீ இறங்கவில்லை. அய்யனாருக்குக் குதிரை செய்ய மண் எடுத்துக் கொடுப்பது தம் விசுவாசத்துக்குப் பொருந்துமா என்று மனம் உறுத்தியது. இரண்டு நாள் தவணை கேட்டார். மாலையில் பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் வயதானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நாற்காலியில் இருப்பது நீர். அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மனச்சாட்சி இடம் கொடுத்தால் கொடும். கொடுக்காவிட்டால், ‘நான் கிறிஸ்தவன், என்னால் முடியாது’ என்று அவர்களிடமே சொல்லிவிடும். எதைச் செய்தாலும் உம்முடைய பேரில் செய்யும்” என்று சொல்லிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

“அந்தக் கிழவர் சொன்னதுதான், தம்பி, ஜெலாசியுஸ் சொன்னதும். எனக்குத்தான் காது கேட்கவில்லை.”

அவர் என்ன செய்தார்? ‘கிறிஸ்தவத் தாசில்தார் மறுத்துவிட்டார்’ என்று ஊர் பேசுமே என்று பயந்தார். சுவரொட்டி, மனு, மாற்றல் எல்லாம் கண்முன் நின்றன. மறுநாள் மேலதிகாரிக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். ‘இரு தரப்பாரிடையே பதற்றம் நிலவுவதால், பொது அமைதியை முன்னிட்டு இவ்வாண்டு விழாவுக்கு அனுமதி அளிப்பது உசிதமல்ல.’ பதற்றம் ஏது? டீ குடித்துச் சிரித்துக்கொண்டு போனவர்கள் அவர்கள்! அறிக்கை மேலே போயிற்று. உத்தரவு கீழே வந்தது. விழா நின்றது.

நான்காம் நாள் வேளார் கச்சேரிக்கு வந்தார். பத்துக் குதிரைக்கு வேண்டிய மண் அடித்து வைத்திருந்தார். வைக்கோலும் விறகும் கடனில் வாங்கியாயிற்று. பானை சட்டிக்கு வந்தவர்களையெல்லாம் திருவிழாவுக்குப் பிறகு வரச் சொல்லித் திருப்பியிருந்தார். “ஐயா, ஊருக்கு ஒரு திருவிழா போச்சு. எனக்கு ஒரு வருசமே போச்சுங்க” என்றார்.

“மேலிடத்து உத்தரவு, பெரியவரே. என் கையில் என்ன இருக்கிறது?” என்று பதில் சொன்னார் நண்பர்.

அந்தக் கடன் அடைய மூன்று வருஷமாயிற்றாம். அடுத்த ஆண்டு வேறொரு தாசில்தார் வந்தார். ரசீதில் கையெழுத்துப் போடுவது போல மண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். குதிரைகள் எழுந்து நின்றன.

நான் பேசாமல் இருந்தேன். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று தோன்றியது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை எடுத்துக்கொண்டேன். நாவல் எழுதுகிறவர்களுக்கு அவர்தானே குலமுதல்வர்! அவர் பிறந்த ஊரும் ஒரு குளத்தூர். திருச்சியை அடுத்த குளத்தூர் என்று புத்தகங்கள் சொல்லும். 1826இல் பிறந்து, 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தைக் கொடுத்தவர். அவரும் கத்தோலிக்கர், அவரும் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தவர். ஆனால் திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர்மேல் மனம் உவந்து பாடினார். சைவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். தாது வருஷப் பஞ்சத்தில் பிள்ளை செய்த தர்மத்தைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடினார். மடமும் மாதா கோயிலும் கச்சேரியும் அந்த ஒரு மனிதரைச் சுற்றி இருந்தன. எதுவும் எதையும் இடிக்கவில்லை.

“ஆகவே நீங்கள் மண்ணைக் கொடுத்திருந்தால்கூடத் தப்பில்லை, சார்” என்று முடித்தேன்.

நண்பர் தலையை அசைத்தார். “கொடுத்தது, கொடாதது இரண்டும் தப்பில்லை. வேதநாயகம் பிள்ளை தேசிகரைப் பாடியது தம் பேரில். முன்சீப் கோர்ட்டு முத்திரை போட்டுப் பாடவில்லை. தீர்ப்பு எழுதியபோது ஜெபப் புத்தகத்தைப் பார்த்து எழுதவுமில்லை. நான் என்ன செய்தேன்? என் கோயிலின் உறுத்தலுக்குச் சர்க்கார் முத்திரையைக் குத்தினேன். ஸெனோ ராஜா செய்ததும் அதுதான், தலைகீழாக. அவன் சர்க்காரின் பயத்துக்குக் கோயிலின் முத்திரையைக் குத்தினான்.”

ஓய்வு பெற்ற மறு வருஷம் நண்பர் அந்தக் கிராமத்துக்குப் போனாராம். வேளார் தளர்ந்து, கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மகன் சக்கரத்தில் உட்கார்ந்திருந்தான். நண்பர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மேலிடத்து உத்தரவு என்றது பொய். நான் கிறிஸ்தவன், கொடுக்க மனம் வரவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு விழாவையே நிறுத்தினேன் என்றார்.

வேளார் கோபித்துக்கொள்ளவில்லை. ஆச்சரியத்தோடு பார்த்தாராம். “இவ்வளவுதானா, ஐயா? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேற ஒருத்தர் கையால வாங்கிருப்போமே! உங்க சாமிக்கு ஆகாதுன்னா நாங்க உங்களைக் கட்டாயப்படுத்துவோமா?” என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு, ஐயாவுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

“திட்டியிருக்கலாம், தம்பி. மோர் கொடுத்துவிட்டார்” என்றார் நண்பர். அதற்குமேல் அவர் அன்று ஜெலாசியுஸைப் பற்றிப் பேசவில்லை. புத்தகத்தை மூடி, அம்மன் காசை டப்பாவில் போட்டு, இரண்டையும் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் புறப்பட்டேன். கீரனூரில் திருச்சி பஸ் கிடைத்தது. தாலுகாக் கச்சேரிக்கு மனுவோடு வந்தவர்கள் பஸ் நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடையோரத்தில் நின்று ஒருவர் சட்டைப் பைக்குள்ளிருந்த காகிதத்தை எடுத்து, மழையில் நனைந்துவிட்டதா என்று பிரித்துப் பார்த்து, மறுபடியும் மடித்து வைத்துக்கொண்டார்.

எனக்கு என் ஞாபகம் வந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் சில காலம் ஒரு பத்திரிகையில் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை பார்த்தேன். ஓர் இளைஞர் ஒரு கதை அனுப்பியிருந்தார். நல்ல கதை. ஆனால் நான் சிறு வயதிலிருந்து கும்பிட்டு வருகிற ஒன்றை அது தொட்டு உரசியது. ‘உங்கள் கதை என் மனத்தைப் புண்படுத்துகிறது, ஆகையால் நான் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை’ என்று எழுதியிருக்கலாம். அவர் வேறு பத்திரிகைக்கு அனுப்பியிருப்பார். நான் எழுதியது அதுவல்ல. ‘கதை பிரசுர தரத்தை எட்டவில்லை’ என்று எழுதி, ஆபீஸ் முத்திரையைக் குத்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரை நான் எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை.

பஸ் புறப்பட்டது. நண்பருக்காவது போய்ச் சொல்ல ஒரு கிராமமும், உட்கார ஒரு கயிற்றுக் கட்டிலும் இருந்தன. என்னிடம் அந்த இளைஞரின் விலாசம்கூட இல்லை.